தொடர்பு என்றொரு சொல்

தமிழில் 'தொடர்பு' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று.

"அவருக்கு நிறையத் தொடர்பு இருக்கு" என்று ஓர் ஆணைப் பற்றிச் சொன்னால், அவர் நாலு இடம் போய்வருபவர், ஒரு வேலையென்றால் யாருக்காவது போன் போட்டு முடித்துக்கொடுப்பவர் என்று பொருள். அதே வாக்கியத்தை ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். கேட்பவர் முகம் மாறும். மாலைப் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகக் 'கள்ளத்தொடர்பு' என்று கொட்டை எழுத்தில் போட்டு வந்ததில், பெண் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வந்தாலே 'தொடர்பு' கறைபட்ட சொல்லாகிவிடுகிறது.

முதல் அர்த்தத்தைப் பெண்களுக்கும் கேட்டு வாங்குவதற்காகவே இதை எழுதுகிறேன். கருத்தரங்குகளில் அறிமுகமாகிறவர்களோடு நாம் வைத்துக்கொள்ளும் தொழில்முறைத் தொடர்புகளைப் பற்றியும், அவற்றை விட்டுப்போகாமல் காப்பாற்றச் சமூக ஊடகங்கள் எவ்வளவு உதவுகின்றன, எங்கே கைவிடுகின்றன என்பதைப் பற்றியும்.

நான் அல்லிநகரத்தில் குடியிருக்கிறேன். இந்த மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கிறேன். பெரணிகள் என் ஆய்வுப் பொருள்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தொடர்பின் மதிப்பு தெரியாதவர்கள் இல்லை. பாரதிராஜா அல்லிநகரத்தில் பிறந்தவர். சினிமாவுக்குப் போகும் முன் சுகாதாரத் துறையில் வேலை பார்த்தவர். பண்ணைப்புரத்து இளையராஜா சகோதரர்களோடு அப்போதே பழக்கம். 1960களின் இறுதியில் அந்தச் சகோதரர்கள் வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போனபோது, ஏற்கெனவே அங்கிருந்த பாரதிராஜாவோடுதான் தங்கினார்கள். 1976இல் 'அன்னக்கிளி', 1977இல் '16 வயதினிலே'. மீதியை எல்லோரும் அறிவோம். அவர்களுடைய திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து போன ஒருவர் இன்னொருவருக்குப் பாயை விரித்துப் போட முடிந்தது என்பதைச் சொல்கிறேன். அதே காலத்தில் பண்ணைப்புரத்தில் நன்றாகப் பாடிய ஒரு பெண், கோடம்பாக்கத்தில் தெரிந்தவர் அறையில் போய்த் தங்கியிருக்க முடியுமா? தங்கியிருந்தால் அவளுடைய ஊர் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கும்?

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். மனிதர்களுக்குப் புதிய வாய்ப்பு பெரும்பாலும் நெருங்கியவர்களிடமிருந்து வருவதில்லை, பாதி தெரிந்தவர்களிடமிருந்து வருகிறது என்பது அதன் சாரம். காரணம் எளிது. நம் வீட்டாருக்கும் உயிர்த்தோழிக்கும் தெரிந்த செய்தி அநேகமாக நமக்கும் தெரிந்திருக்கும். எப்போதோ ஒரு கருத்தரங்கில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவருக்குத்தான் நமக்குத் தெரியாத செய்தி தெரியும். 2022இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் சுமார் 2 கோடிப் பேரின் தரவுகளைக் கொண்டு இதைச் சோதித்தது. பயனர்களிடம் சொல்லாமலேயே நடத்திய சோதனை அது என்ற விமர்சனமும் எழுந்தது. முடிவு என்னவோ ஏறக்குறைய கிரானோவெட்டர் சொன்னதுதான்: மிக நெருங்கியவர்களைவிட, ஓரளவு மட்டும் அறிமுகமானவர்கள் வழியாகவே வேலை அதிகம் கிடைக்கிறது.

இதைப் படித்தபோது நம் பெண்களின் நிலைமை எனக்குச் சட்டென்று விளங்கியது. நமக்கு அனுமதிக்கப்பட்டவை எல்லாம் நெருங்கிய உறவுகள். அப்பா, அண்ணன், கணவர், புகுந்த வீடு, கூடப் படித்த இரண்டு தோழிகள். பாதி தெரிந்தவர்கள்தான் நமக்குக் கூடாது. பாதி தெரிந்த ஆண் என்றால் சந்தேகம். பாதி தெரிந்த பெண் என்றால், "அவ யாரு, எந்த ஊரு, எதுக்கு உனக்குப் போன் பண்றா?" ஆக, எந்த உறவிலிருந்து வாய்ப்பு வருமோ அந்த உறவுக்கே நம் வீடுகளில் கதவு இல்லை.

பாதி தெரிந்தவர்களை உண்டாக்கும் இடம் கருத்தரங்கு. கல்லூரியில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மையவுரை, ஒருவருக்குப் பத்து நிமிடம் என்று கட்டுரை வாசிப்பு, சான்றிதழ். விளக்கேற்றவும், தொகுத்து வழங்கவும், நன்றி சொல்லவும் நாம் இருப்போம். மையவுரைக்குப் பெரும்பாலும் ஓர் ஐயா வருவார். ஆனால் உண்மையான கருத்தரங்கு இந்த நிகழ்ச்சி நிரலில் இருப்பதில்லை. அது மாலை ஐந்து மணிக்கு மேல் தொடங்குகிறது. விருந்தினர் விடுதி வாசலில், டீக்கடை பெஞ்சில், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகான நடையில். அடுத்த ஆய்வுத் திட்டத்தில் யாரைச் சேர்ப்பது, யாரைத் தேர்வாளராகப் போடுவது, எந்தத் தொகுப்புக்கு யாரிடம் கட்டுரை கேட்பது எல்லாம் அங்கே முடிவாகிறது. அந்த நேரத்தில் நாம் பேருந்து நிலையத்தில் இருப்போம்.

மதுரையில் கருத்தரங்கு என்றால், ஆரப்பாளையத்தில் பேருந்து பிடித்து, ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி வீடு வந்து சேரும்போது இரவுச் சமையல் காத்திருக்கும். சென்னை, கோவை என்றால் இன்னும் கஷ்டம். 2010 இறுதியில், அகலப்பாதை ஆக்குவதற்காக மதுரை–போடி ரயிலை நிறுத்தினார்கள். தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதத்தில். போடியிலிருந்து சென்னைக்கு ரயில் 2023 ஜூனில். இடையில் பதினோரு வருடம் எங்கள் ஊரில் ரயிலே இல்லை. எல்லோருக்கும்தான் இல்லை. ஆனால் இரவுப் பேருந்தில் தனியாகப் போக வீட்டில் அனுமதி வாங்கவேண்டியவர்களுக்கு அது வேறு விதமாக இல்லை. என் தலைமுறை ஆசிரியைகளில் பலர் அந்த ஆண்டுகளில் கட்டுரைச் சுருக்கம் அனுப்பிவிட்டுப் போகாமல் இருந்தார்கள்.

கூட்டம் முடிந்தபின் எப்படித் தொடர்பில் இருப்பது என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. 1917இல் அடையாறில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் 'ஸ்திரீ தர்மா' என்ற இதழை நடத்தியது. ஓர் ஊர்க் கிளையில் நடப்பதை இன்னோர் ஊர்க் கிளை அதைப் படித்துத் தெரிந்துகொண்டது. முத்துலட்சுமி ரெட்டி பிறகு அதன் ஆசிரியராக இருந்தார். அகில இந்திய மாதர் மாநாடு 1927 ஜனவரியில் புனேயில் கூடுவதற்கு முன்பு, மார்கரெட் கசின்ஸ் பல ஊர்ப் பெண்களுக்கும் கடிதம் எழுதி, உள்ளூரில் குழு அமைத்துக் கூட்டம் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டார். இரண்டு மாநாடுகளுக்கு நடுவில் இயக்கத்தை உயிரோடு வைத்திருந்தவை தபால்தலையும் இதழும்தான். மாலை ஆறு மணிக்குமேல் வெளியே இருக்க முடியாதவர்கள், மேசையில் உட்கார்ந்து கடிதம் எழுதினார்கள். இன்று நம் கையில் இருக்கும் போனை நான் அந்த வரிசையில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

என் அனுபவத்தையே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், மேகமலைப் பெரணிகள் பற்றிப் பத்து நிமிடம் வாசித்தேன். அரங்கில் இருபது பேர். தேநீர் இடைவேளையில் கேரளத்திலிருந்து வந்த ஓர் ஆய்வாளர் என்னிடம் இரண்டு வாக்கியம் பேசினார். அதற்குள் அடுத்த அமர்வுக்கு அழைத்துவிட்டார்கள். அன்றிரவு பேருந்திலிருந்தே அவரை ஃபேஸ்புக்கில் தேடிப்பிடித்து, "இன்று இரண்டாவது அமர்வில் பேசினோமே, அந்த இலையின் பின்புறப் படம் இதோ" என்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. நான் வைத்திருந்த பெயர் சரிதான் என்று அவர் உறுதி செய்ததோடு, அதே இனம் அவர் பக்கத்து மலைச்சரிவில் எங்கே வளர்கிறது என்றும் எழுதினார். அப்புறம் நாங்கள் நேரில் சந்தித்தது மூன்று முறைதான். ஆனால் அவர் வழியாகக் கோவையில் இருக்கும் தாவரவியல் ஆய்வு நிறுவன உலர்தாவரத் தொகுப்பில் யாரிடம் கேட்டால் எந்த அலமாரியைப் பார்க்கலாம் என்று தெரிந்தது. என் மாணவிகள் இரண்டு பேருக்குக் கள ஆய்வில் இடம் கிடைத்தது. விடுதி வாசல் டீக்கடையில் ஆண்களுக்கு நடப்பது, எனக்கு ஆண்டிபட்டிக் கணவாயில் பேருந்துச் சீட்டில் நடந்தது.

இது சுலபமாக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். முதலில், போன் யார் கையில் இருக்கிறது? தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21), ஒரு முறையாவது இணையத்தைப் பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் நாடு முழுவதும் 33 சதவீதம். ஆண்கள் 57 சதவீதம். எங்கள் மாணவிகளிடம் போன் இருக்கிறது. ஆனால் கடவுச்சொல் அண்ணனுக்கும் தெரியும். முகப்புப் படத்தில் ரோஜாப்பூ, குழந்தை முருகன், அல்லது ஏதாவது ஒரு நடிகை. சொந்த முகம் வைக்கக்கூடாது என்பது வீட்டின் உத்தரவு. ரோஜாப்பூவுக்கு யார் வேலை கொடுப்பார்கள்?

அடுத்தது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின் கணவரின் எழுத்து. முதல் இரண்டு கட்டுரைகள் ஒரு பெயரில், அடுத்த மூன்று இன்னொரு பெயரில் என்றால், தேடுகிறவருக்கு அவர்கள் இரண்டு பெண்கள். கருத்தரங்கில் பார்த்தவரைப் பிறகு கண்டுபிடிக்க முடியாமல் போவதற்கு இது பெரிய காரணம். ஆய்வாளர்களுக்கு ஆர்கிட் என்று ஓர் அடையாள எண் கொடுக்கிறார்கள். பூ இல்லை, பதினாறு இலக்க எண். 2012இலிருந்து இருக்கிறது, இலவசம். இனிஷியல் மாறினாலும் எண் மாறாது. முதுகலை இரண்டாம் ஆண்டிலேயே என் மாணவிகளை இதில் பதியச் சொல்கிறேன். எந்த எழுத்தை வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்றையே வைத்துக்கொள்ளட்டும்.

மூன்றாவது, வாட்ஸ்ஆப். இப்போது ஒவ்வொரு கருத்தரங்குக்கும் 'பங்கேற்பாளர் குழு' ஒன்று தொடங்குகிறார்கள். சேர்ந்தவுடன் நம் எண் அந்தக் குழுவில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கருத்தரங்கு முடிந்து ஒரு வாரத்தில் காலை வணக்கப் படங்கள் தனியாக வரத் தொடங்கும். அதற்கப்புறம், "சாப்டாச்சா மேடம்?" பல பெண்கள் சத்தமில்லாமல் குழுவைவிட்டு வெளியேறுவார்கள். அவர்களோடு, குழுவில் இருந்த ஐம்பது நல்ல தொடர்புகளும் போய்விடும். ஒரு குழுவுக்குள் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும் என்பதால், எண் தேவைப்படாத வழியை முதலில் எடுக்கச் சொல்கிறேன். லிங்க்ட்இன்னிலோ மின்னஞ்சலிலோ பேசிப் பழகியபின், நாமாக விரும்பினால் எண்ணைக் கொடுக்கலாம். நாமே கருத்தரங்கு நடத்தும்போது, உறுப்பினர்களுக்கு ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியாத அறிவிப்புக் குழுவை அமைக்கலாம். லிங்க்ட்இன்னிலும் தொல்லை இல்லாமல் இல்லை. அதைக் கல்யாண மாலையாக நினைத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை நமக்கு இல்லை. தடை செய்யும் பொத்தான் அதற்காகத்தான் இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது அந்தச் சொல்தான். எங்கள் மாணவி ஒருத்தி, கம்பம் பக்கத்துக் கிராமம், ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் சுவரொட்டி விளக்கம் கொடுத்தாள். அதைப் பார்த்த ஒரு விஞ்ஞானி, பத்து நாள் கழித்து லிங்க்ட்இன்னில் செய்தி அனுப்பினார். தன் திட்டத்தில் உதவியாளர் பணியிடம் வருகிறது, விண்ணப்பிக்கிறீர்களா என்று. செய்தி வந்தது இரவு ஒன்பதரை மணிக்கு. ஒன்பதே முக்காலுக்குப் போன் அவள் அப்பாவின் கையில் இருந்தது. மறுநாள் காலை அவர் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

"யாரு டீச்சர் இந்தாளு? எங்க பாப்பாவுக்கும் இவருக்கும் என்ன தொடர்பு?"

அவர் கெட்ட மனிதர் இல்லை. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்து மகளை முதுகலை வரை படிக்க வைத்தவர். நான் அவரை உட்காரவைத்து, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த விஞ்ஞானியின் பெயரையும், அவளுடைய சுவரொட்டித் தலைப்பு அச்சாகியிருந்த கருத்தரங்கு மலரையும் காட்டினேன். "அண்ணே, தொடர்பு இருக்கு. உங்க பாப்பா பண்ணின வேலைக்கும் அவர் பண்ற வேலைக்கும் தொடர்பு இருக்கு. அதைத்தான் அவர் கேக்குறாரு" என்றேன். அவர் ரொம்ப நேரம் அந்த மலரில் மகளின் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ராத்திரி ஒம்பதரைக்கா கேப்பாங்க?" என்றார். "பகல்ல அவருக்கும் வேலை இருக்கும்ல" என்றேன். சிரிக்கவில்லை. ஆனால் போனைத் திருப்பிக் கொடுத்தார். அவள் விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அப்பாவும் கூடவே போனார். அந்தப் பணி அவளுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அங்கே நேர்முகம் எடுத்த குழுவில் இருந்த ஒரு பெண் பேராசிரியர், இப்போதும் அவளுக்கு அறிவிப்புகளை அனுப்புகிறார். அவற்றை அவள் அப்பா பார்க்கிறார், பிடுங்குவதில்லை.

எத்தனை வீடுகளில் ஒன்பதே முக்காலோடு கதை முடிந்துபோகிறது என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பெண்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். "பெண்கள் யாரும் விண்ணப்பிக்கவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள்.

தொடர்பைப் பலர் சேர்ந்து பகிரங்கமாக வைத்துக்கொள்ளும்போது அதற்கு வேறு பலம் வருகிறது. 2015இல் சியோலில் நடந்த அறிவியல் பத்திரிகையாளர் மாநாட்டில், நோபல் பரிசு பெற்ற டிம் ஹன்ட், ஆய்வகத்தில் பெண்கள் இருந்தால் காதல் வரும், குறை சொன்னால் அழுவார்கள் என்ற பொருளில் பேசினார். உலகம் முழுவதும் பெண் விஞ்ஞானிகள் பாதுகாப்பு உடையிலும் சேற்றிலும் நின்று எடுத்த தங்கள் படங்களை ட்விட்டரில் ஒரே ஹேஷ்டேக்கில் போட்டுக் கேலி செய்தார்கள். நம் நாட்டில் வைஷ்ணவி அனந்தநாராயணன், ஸ்ருதி முரளிதர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 2020இல் 'பயஸ் வாட்ச் இந்தியா'வைத் தொடங்கினார்கள். இந்தியாவில் நடக்கும் அறிவியல் கருத்தரங்குகளின் பேச்சாளர் பட்டியலில் எத்தனை பெண்கள் என்று எண்ணி, பொதுவில் வெளியிடுவதுதான் வேலை. பட்டியலில் ஆண்கள் மட்டும் இருந்தால் நடத்துகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில், "இந்தத் துறையில் பெண்களே இல்லையே." இருக்கிறோம் என்று காட்ட நம் பெயரும் துறையும் தேடினால் கிடைக்கிற இடத்தில் இருக்க வேண்டும். நான் என் பக்கத்தில் 'பெரணிகள், மேற்குத் தொடர்ச்சி மலை, தேனி' என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி வைத்திருப்பது பெருமைக்காக இல்லை.

ஒரு தளத்தையே நம்பியும் இருக்க முடியாது. 2022 அக்டோபரில் ட்விட்டர் கைமாறியது, அடுத்த ஜூலையில் பெயரும் மாறியது. அங்கே கூடியிருந்த ஆய்வாளர்கள் பலர் கலைந்து போனார்கள். முதலாளி மாறினால் நம் முகவரிப் புத்தகம் காணாமல் போகிற ஏற்பாடு இது. அதனால் நான் ஒரு நோட்டும் வைத்திருக்கிறேன். பெயர், எங்கே பார்த்தோம், என்ன பேசினோம், மின்னஞ்சல். 'ஸ்திரீ தர்மா' காலத்துப் பெண்களும் இப்படி ஒன்று வைத்திருந்திருப்பார்கள்.

மாணவிகளுக்கு நான் சொல்வது சில விஷயங்கள்தான். கருத்தரங்குக்குப் போகும் முன், நிகழ்ச்சி நிரலில் மூன்று பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். திரும்பி வந்து ஒரு நாளுக்குள் எழுதுங்கள், எங்கே பார்த்தோம், எதைப் பற்றிப் பேசினோம் என்று ஒரே வரியில். ஏதாவது கேட்பதற்கு மட்டும் எழுதாதீர்கள். உங்களிடம் உள்ள ஒரு படம், ஒரு கட்டுரை, ஒரு தகவலைக் கொடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை விசாரியுங்கள். உங்கள் பெயரில், உங்கள் முகத்தோடு இருங்கள். முடியாதென்றால் பெயராவது உங்களுடையதாக இருக்கட்டும்.

கருத்தரங்கு நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கலந்து பேசும் நேரத்தை மாலை ஆறுக்கு மேல் வைக்காதீர்கள். மதியம் மூன்று மணிக்கு வையுங்கள், அரை மணி நேரம், வெறும் தேநீரோடு. சென்ற முறை எங்கள் துறையில் அப்படி வைத்தோம். கம்பம், உத்தமபாளையம், பெரியகுளம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஆசிரியைகள் அந்த அரை மணியில் எழுந்துபோகவே இல்லை. நான்கு மணிப் பேருந்துக்குக் கிளம்பும்போது, எல்லோர் போனிலும் குறைந்தது இரண்டு புதிய பெயர்கள் இருந்தன.